பக்கத் தையலில் ஒரு நாடா

அகலம் ஓர் அங்குலம், நீளம் இரண்டு அங்குலம் இருக்கும். வெள்ளை சட்டின் நாடா. அதில் கறுப்பு மையில் பொடி எழுத்துகள்: 60 சதவீதம் கொட்டன், 40 சதவீதம் பொலியெஸ்டர். அதற்குக் கீழே வரிசையாகச் சின்னப் படங்கள்: தண்ணீர்த் தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம். அதற்கும் கீழே 'ஆர்என்' என்ற எழுத்துகளும் ஓர் இலக்கமும். சேர்ட்டை உள்புறமாகத் திருப்பி, இடப்பக்கத் தையலில் விரலை ஓட்டினால் இடுப்புக்குக் கீழே இது அகப்படும். கழுத்தில் இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கும். அதில் பிராண்டின் பெயர், அளவு, 'மேட் இன் ஸ்ரீலங்கா'.

அரிக்கிறது என்று வாங்கியவர் முதல் நாளே கத்தரிக்கோலை எடுப்பது இந்தத் துண்டுகளுக்காகத்தான். ஆனால் ஒரு சேர்ட்டில் சட்டம் எழுதிய இடமும் இதுதான். பொத்தான் எத்தனை, கை எவ்வளவு நீளம், என்ன நிறம் என்பதெல்லாம் வியாபாரியின் விருப்பம். இந்த நாடாவில் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பதை அரசாங்கங்கள் முடிவு செய்கின்றன. கண்டிக்கு அருகே பல்லேகலவில் இதைத் தைக்கிற கைகளில் பன்வில, மடுல்கலை, வத்துகாமம் பக்கத்துப் பிள்ளைகளின் கைகளும் இருக்கின்றன. ஆகவே இதன் கதை எங்கள் ஊர்க் கதையும் ஆகிறது.

நாடா பிறப்பது சேர்ட் தைக்கும் இடத்தில் அல்ல. லேபல் மட்டுமே செய்யும் தொழிற்சாலைகள் தனியாக உண்டு. பெரிய உருளைகளில் பொலியெஸ்டர் நாடா வரும். ஓர் ஆர்டருக்கு, ஒரு நிறத்துக்கு, ஓர் அளவுக்கு என்று தனித்தனியாக அச்சடித்து, சூடான கத்தியால் துண்டு துண்டாக வெட்டுவார்கள். சாதாரணக் கத்தியால் வெட்டினால் ஓரம் பிரிந்து நூல் நூலாகக் கழன்றுவிடும். சூட்டில் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். உருகியது ஆறும்போது கெட்டியாகிறது. கழுத்தில் குத்துவது அந்தக் கெட்டியான ஓரம்தான். குழந்தைகளின் உடுப்பிலும் உள்ளாடையிலும் நாடாவே வேண்டாம் என்று துணியின் மேலேயே சூட்டால் அச்சிடும் வழக்கம் பிறகு வந்ததற்கு இதுவே காரணம். எழுத வேண்டியது எழுதப்பட்டு, உடுப்பு பாவனையில் இருக்கும்வரை அழியாமல் நின்றால் போதும். அது நாடாவாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை.

கட்டுக் கட்டாக வந்த லேபல்களைத் தொழிற்சாலை ஸ்டோரில் பூட்டி வைப்பார்கள். துணி கொஞ்சம் மிஞ்சினால் பரவாயில்லை, லேபல் மிஞ்சினால் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு பிராண்டின் லேபல் வெளியே போனால், எவரோ தைத்த எந்தச் சேர்ட்டும் அந்தப் பிராண்டாகிவிடும். ஆகவே லைனுக்கு எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்குகிறார்கள். ஓர் உடுப்பில் மிக மலிவான பொருள்களில் ஒன்று இந்த லேபல். அதற்குத்தான் இவ்வளவு காவல்.

பன்வில நக்கிள்ஸ் மலையடிவாரத்துச் சிறு பட்டணம். சுற்றிலும் தேயிலை. விடியுமுன்னே தோட்டத்து முச்சந்திகளில் கார்மென்ட் வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஸ்வெட்டரும் சாப்பாட்டுப் பையுமாக பஸ்ஸுக்கு நிற்பார்கள். தாய் கொழுந்து எடுக்க மலைக்கு ஏறுவார். மகள் வத்துகாமம் வழியாகக் கீழே இறங்குவாள். 1977இல் நாட்டின் பொருளாதாரம் திறந்து விடப்பட்டு, 1978இல் கட்டுநாயக்க வலயம் வந்தபோது இந்த வேலை கொழும்புப் பக்கத்து வேலையாகத்தான் இருந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். தொழிற்சாலையைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 500 பேருக்கு வேலை கொடுப்பது என்பது அதன் நோக்கம். அதன் பிறகு தையல் மெசின் மலையேறியது. இன்று நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடைதான்.

லேபல் தைப்பது ஒரு தனி வேலை. பக்கத் தையலை ஓவர்லொக் மெசினில் மூடும்போது, முன் துணிக்கும் பின் துணிக்கும் நடுவே நாடாவை மடித்துச் செருகி, அதையும் சேர்த்து ஓட்ட வேண்டும். எழுத்து தலைகீழாகிவிடக் கூடாது. அடியிலிருந்து சொல்லிய உயரத்தில் நிற்க வேண்டும். தையலுக்குள் ஓர் எழுத்துக்கூட மறையக் கூடாது. மீடியம் சேர்ட்டில் லார்ஜ் லேபல் விழுந்தால் அது அந்த ஒரு சேர்ட்டின் பிழையாக நிற்பதில்லை. பெட்டியையே திறந்து பார்க்க வைக்கும். ஆகவே மணிக்கு இத்தனை என்ற டார்கெட் தலைக்கு மேல் போர்டில் ஏறிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளையின் கண் அந்தச் சின்ன எழுத்தின் மேலேயே இருக்கும். அவள் எட்டு மணி நேரமும் வாசிக்கிற வாசகம் அதுதான். ஊசி முறிந்தால் முறிந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். அமெரிக்காவில் ஒரு குழந்தையின் தோலில் இரும்புத் துண்டு படக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி அந்த நாடாவில் உள்ள வரிகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

முதல் வரி, எந்த நார் எத்தனை சதவீதம் என்பது. ஒரு காலத்தில் இதை எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. பருத்தி, பட்டு, கம்பளி, லினன் நான்கையும் தொட்டாலே சனங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் பழைய கம்பளித் துணியைக் கிழித்து நூற்று, புதுக் கம்பளி என்று விற்றதால் 1940இல் கம்பளிக்கு மட்டும் ஒரு லேபல் சட்டம் வந்தது. அதே காலத்தில் நைலோன் கடைக்கு வந்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டும் டிக்சனும் பொலியெஸ்டர் நாரைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பின் கை பொய் சொல்லத் தொடங்கியது. பட்டுப்போல் வழுக்கும் துணி பட்டு இல்லை. கொட்டன்போல் தெரிவதில் பாதி பொலியெஸ்டர். 1958இல் அமெரிக்கா எல்லா நாருக்கும் பொருந்தும் சட்டத்தை இயற்றியது. 1960இல் நடைமுறைக்கு வந்தது. எடை கூடிய நாரை முதலில் எழுத வேண்டும், குறைந்ததைப் பின்னால் எழுத வேண்டும். 5 சதவீதத்துக்குக் குறைவானதை 'வேறு நார்' என்று சொல்லலாம். இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் போல, கொஞ்சமாக இருந்தாலும் தனி வேலை செய்யும் நாராக இருந்தால் பெயர் சொல்லலாம். கலப்புத் துணியில் 3 சதவீதம் வரை முன்பின் இருந்தால் மன்னிப்பு உண்டு. 100 சதவீதம் கொட்டன் என்று எழுதினால் 100தான்.

இதைச் சரிபார்க்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. துணியில் ஒரு துண்டை வெட்டி, உலர்த்தி, துல்லியமாக எடை போடுவார்கள். பிறகு 75 சதவீத சல்பூரிக் அமிலத்தில் சூடாக்கி வைப்பார்கள். கொட்டன் கரைந்து போகும்; பொலியெஸ்டர் அப்படியே நிற்கும். மிஞ்சியதைக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போட்டால் கணக்கு வந்துவிடும். ஒரு லேபலின் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிக் குடுவையும் நல்ல தராசும் போதும். ஐரோப்பாவிலும் இதே வகைச் சோதனைகள்தான். அங்கே இன்று 1007/2011 என்ற இலக்கமுள்ள ஒழுங்குவிதி நடைமுறையில் இருக்கிறது. எந்த நாட்டில் விற்கிறோமோ அந்த நாட்டு ஆட்சிமொழியில் நாரின் பெயர் இருக்க வேண்டும் என்கிறது அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆட்சிமொழிகள் 24. அதனால்தான் அங்கே போகும் சேர்ட்டுகளில் ஒரு நாடாவுக்குப் பதில் நாலைந்து நாடா சேர்ந்து சிறு புத்தகம்போல் தொங்குகிறது. கிரேக்க எழுத்து இருக்கும், பல்கேரிய எழுத்து இருக்கும். மோல்டாவில் பிறந்த ஒருவர் தன் மொழியில் 'பருத்தி' என்று வாசிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் அக்கறைப்படுவதை நான் மதிக்கிறேன். அந்த நாட்டின் சனத்தொகை கண்டி மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிகூட வராது.

அடுத்தது சின்னப் படங்கள். அமெரிக்காவில் 1971இல் துவைக்கும் முறை லேபல் விதி வந்தது. துணிக்குக் கேடு வராத துவைக்கும் முறை ஒன்றையாவது எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்கு நியாயமான ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அதாவது, துவைத்துப் பார்த்துச் சோதித்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் 1963இல் பாரிஸில் அமைந்த ஜினெடெக்ஸ் என்ற அமைப்பு வளர்த்த படங்கள் பின்னர் உலகத் தரமாயின. தொட்டிக்குள் 30 என்றால் 30 பாகை வரை. தொட்டிக்குள் கை என்றால் கையால் மட்டும். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் வெளுக்கும் திரவம் ஆகாது. சதுரத்தின் மூலையில் சாய்கோடு இருந்தால் நிழலில் காயவைக்க வேண்டும். இஸ்திரிப்பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு நடுத்தரம், மூன்று அதிகம். 2020இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு இந்த விதியையே நீக்கிவிடலாமா என்று யோசித்தது. வேண்டாம், இருக்கட்டும் என்று எழுதியவர்கள் பலர். 2021 ஜூலையில் ஒருமனதாக விதியை வைத்துக்கொண்டார்கள். மக்கள் அந்த நாடாவை வாசிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

மூன்றாவது, நாடு. 1930ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்வைச் சட்டத்தின்படி இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். சேர்ட்டானால் அது கழுத்தின் உள்ளே, இரு தோள் தையலுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்று இடமும் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் சீனாவில் நெய்த துணி, இந்தியாவில் நூற்ற நூல், பல்லேகலவில் தையல் என்றால் எந்த நாடு? 1996 ஜூலையிலிருந்து அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் தைத்த நாடுதான் நாடு. ஐரோப்பாவோ சலுகை வரி என்று வந்தால் வேறு கேள்வி கேட்கிறது. ஜீஎஸ்பி பிளஸ் சலுகையில் ஒரு சேர்ட் நுழைய, துணியும் இங்கே நெய்யப்பட்டிருக்க வேண்டும். 2010இல் இழந்த அந்தச் சலுகை 2017இல் திரும்பி வந்தும், வெளிநாட்டுத் துணியில் தைத்த உடுப்புகளில் பெரும்பகுதி அதனால் பயன்பெறவில்லை. ஒரே சேர்ட், ஒரு துறைமுகத்தில் அது முழுக்க இலங்கைச் சேர்ட், இன்னொரு துறைமுகத்தில் அப்படி இல்லை.

இந்த ஒரு வரியில் எங்கள் பிள்ளைகளின் வேலையே தொங்குகிறது. உண்மையில் சேர்ட்டுக்கு முன்னே இந்த வரிதான் இலங்கைக்கு வந்தது. 1974இல் நடைமுறைக்கு வந்த பல்நார் ஒப்பந்தத்தின் கீழும், அதைத் தொடர்ந்து 2004 முடியும்வரை இருந்த ஏற்பாட்டின் கீழும், ஒவ்வொரு நாடும் பணக்கார நாடுகளுக்கு இவ்வளவு ஆடைதான் அனுப்பலாம் என்ற கோட்டா இருந்தது. ஹொங்கொங், கொரிய முதலாளிகளின் கோட்டா தீர்ந்தது. இலங்கையின் கோட்டா மிச்சம் இருந்தது. லேபலில் வேறு நாட்டின் பெயர் வேண்டும் என்பதற்காகவே மெசின்கள் இங்கே வந்து இறங்கின. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீத வரி என்று அறிவித்து, பின் ஓகஸ்டில் 20க்கு இறக்கியபோது, நடுவில் இருந்த மாதங்களில் பல்லேகல பஸ்ஸில் பேச்சு முழுக்க அதுதான். கழுத்து லேபலில் இருக்கும் நாட்டின் பெயருக்காக வரி கூடுகிறது என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதைத் தைப்பவர்கள் அவர்கள்.

கடைசி வரி அந்த 'ஆர்என்' இலக்கம். பொருளுக்கு யார் பொறுப்பு என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். நிறுவனத்தின் பெயரை எழுது, அல்லது பதிவு இலக்கத்தை எழுது என்கிறது சட்டம். அந்த இலக்கம் அமெரிக்காவில் இருக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. பல்லேகலத் தொழிற்சாலை விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே தைத்த இடத்தின் பெயர் நாடாவில் வராது. இங்கேதான் எனக்கு மனம் ஆறுவதில்லை. பன்விலப் பக்கத்துத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகும்போது தோட்டத்தின் பெயரோடு போகிறது. 1883இலிருந்து நடக்கும் அந்த ஏலத்தில் தோட்டத்தின் பெயரை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். இலங்கையில் பொதி செய்த சுத்த இலங்கைத் தேயிலைக்குச் சிங்கச் சின்னமும் உண்டு. தாய் எடுத்த கொழுந்துக்குத் தோட்டத்தின் முகவரி இருக்கிறது. மகள் தைத்த சேர்ட்டுக்கு நாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது.

எங்கள் சனத்துக்கு லேபல் வேறொரு வகையில் பழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கட்டி வந்தபோது, எழுத்தும் இலக்கமும் பொறித்த தகர வில்லையைக் கயிற்றில் கோத்து ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டினார்கள். டின் டிக்கெட் என்று அதற்குப் பெயர். எந்தத் தோட்டத்துக்கு இந்த ஆள் போய்ச் சேர வேண்டும், செலவு யார் கணக்கில் என்பதை அது சொன்னது. மனிதனுக்கு லேபல் போட்டு, அதில் மனிதனின் பெயரை எழுதாமல் விட்டார்கள். நான்கைந்து தலைமுறை கழிந்து அவர்களின் பேத்திகள் தைக்கும் லேபலிலும் அவர்களின் இடம் இல்லை என்றால், அதைக் கேட்க நமக்கு நியாயம் உண்டு.

தைத்த இடம் தெரிய வேண்டும் என்பது மனக்குறை தீர்க்கும் விஷயம் மட்டுமல்ல. 2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேஷில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். யாருக்காக அங்கே தைத்தார்கள் என்று கேட்டபோது பல பிராண்டுகள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இடிபாடுகளில் கிடந்த லேபல்களையும் ஆர்டர்க் காகிதங்களையும் பொறுக்கி எடுத்துத்தான் செயற்பாட்டாளர்கள் பெயர்களைச் சொன்னார்கள். உடல்களோடு உடல்களாகப் புழுதியில் கிடந்த அந்த நாடாக்கள், நட்டஈடு கேட்பதற்கு ஆதாரங்களாயின. அதற்குப் பிறகே பல பெரிய பிராண்டுகள் தங்கள் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கின. 2024 ஜூலையில் ஐரோப்பா கொண்டுவந்த புதிய ஒழுங்குவிதியின் கீழ், உடுப்புக்கும் ஒரு டிஜிட்டல் கடவுச்சீட்டு வரப்போகிறது; அதன் விவரங்கள் இன்னும் எழுதப்பட்டு வருகின்றன. அதில் தைத்த தொழிற்சாலையின் பெயர் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று இலங்கைத் தரப்பும் கேட்க வேண்டும். ஒளிக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு அது லாபம். 2006இலேயே 'குற்றவுணர்வில்லா ஆடை' என்று உலகத்துக்குப் பிரசாரம் செய்த நாடு இது.

பயணத்தின் நடுப்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டி, கொள்கலன், கொழும்புத் துறைமுகம், கப்பல், களஞ்சியம், கடை. வாங்கியவர் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார். பெரும்பாலும் அளவை மட்டும். பிறகு கத்தரிக்கோல், அல்லது வருடக்கணக்கில் துவைத்துத் துவைத்து மங்கும் எழுத்து.

ஆனால் எல்லாச் சேர்ட்டும் கப்பலேறுவதில்லை. தையல் கோணியது, நிறம் ஒரு சாயல் மாறியது, ஆர்டர் ரத்தானது என்று மிஞ்சுவன உண்டு. அவை உள்ளூருக்கு வரும். வருமுன் பிராண்டைக் காப்பாற்ற லேபலை வெட்டுவார்கள், அல்லது அதன் மேல் மையால் கோடு இழுப்பார்கள். கழுத்து லேபலோடு பக்கத் தையல் நாடாவும் போய்விடும். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிய கடைகளில் குவியலாகக் கிடக்கும் அந்த உடுப்புகளை உள்ளே திருப்பிப் பாருங்கள். தையலில் ஒரு மில்லிமீற்றர் வெள்ளை நாடா, கத்தரி பட்ட ஓரத்தோடு மிஞ்சியிருக்கும். பிராண்டின் பெயரை மறைக்க வேண்டியது அவர்கள் ஒப்பந்தம், விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் 60 சதவீதம் கொட்டன் என்பது பிராண்டின் ரகசியம் இல்லை. தொட்டியும் முக்கோணமும் யாருடைய சொத்தும் இல்லை. அவற்றையும் சேர்த்து ஏன் வெட்ட வேண்டும்? பக்கத்தில் தொங்கும் மற்ற உடுப்புகளில், எங்கோ தைத்து எவரோ இறக்கியவற்றில், பலவற்றுக்கு வெட்டுவதற்கே ஒன்றும் இருப்பதில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அந்தக் கடைகளில் நிற்பவர்கள் யார் என்று பார்த்தால் இதன் பாரம் தெரியும். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுப்பார்கள். அது கடன், பிறகு மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காசோடு குடும்பமே பன்விலயிலிருந்து பஸ் ஏறி கண்டிக்கு வரும். பிள்ளைகளுக்கு உடுப்பு, வீட்டுக்காரருக்குச் சேர்ட், மாமியாருக்குச் சேலை.

"அண்ணே, இது கொட்டன்தானே?"

"நல்ல துணி தங்கச்சி, ஒண்ணும் ஆகாது. தைரியமா கொண்டு போங்க."

லயத்துப் பீலியில் மலைத்தண்ணீர் விழும். சவர்க்காரக் கட்டி, துவைக்கிற கல், கை. தீபாவளிச் சட்டையின் சிவப்பு, பிள்ளையின் வெள்ளைப் பள்ளிச் சீருடையில் ஏறும். மழை மாதத்தில் வெளியே காயாது. அடுப்புக்கு மேலே கொடியில் போட்டால் பொலியெஸ்டர் சூட்டில் சுருண்டு கோணும். உடுப்பு போய்விட்டது, தவணை மட்டும் அடுத்த மாதச் சம்பளத்திலும் கழிக்கப்படும். 'தனியாகத் துவைக்கவும்' என்ற இரண்டு சொல் தமிழில் இருந்திருந்தால் சீருடையாவது தப்பியிருக்கும்.

சீருடையைவிடப் பெரிய விஷயம் நெருப்பு. அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடுப்புக்குத் தனிச் சட்டம் உண்டு. தீப்பிடிக்காத துணியாக இருக்க வேண்டும். அல்லது உடலோடு ஒட்டிய அளவில் தைத்து, 'இந்த உடுப்பு தீயைத் தாங்காது, உடலோடு ஒட்டி இருக்க வேண்டும்' என்று மஞ்சள் அட்டையில் எழுதித் தொங்கவிட வேண்டும். தளர்ந்த துணிக்குள் காற்று புகும். தீ சட்டென்று ஏறும் என்பது காரணம். நம் நாட்டில் குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்களைப் பார்த்து மனம் பொறுக்காமல், சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர சரியாத விளக்கொன்றைச் செய்தார். மார்மைட் போத்தல்போல் குட்டையாக, கனமாக, உருண்டோடாதபடி இரு பக்கமும் தட்டையாக, திருகும் மூடியோடு. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் விளக்கைத் திருத்தினார். எரிந்த உடுப்பு என்ன துணி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கொட்டன் வேகமாக எரியும். பொலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். இரண்டும் கலந்தால், எரியும் கொட்டன் உருகும் பொலியெஸ்டரைத் தாங்கிப் பிடித்து எரியவிடும். விறகடுப்பு எரியும் ஒரு வீட்டில் இதைத் தெரிந்திருப்பது, மின்சார அடுப்பு உள்ள வீட்டில் தெரிந்திருப்பதைவிட அவசியம். மஞ்சள் அட்டை மட்டும் அமெரிக்காவுக்குப் போகிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் ஜவுளி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, துணியிலேயே நாரின் விகிதத்தையும் செய்தவர் பெயரையும் அச்சிடச் சொல்கிறது. 2004இலிருந்து சுத்தப் பட்டுக்கு 'சில்க் மார்க்' உண்டு. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வரும் கலியாணச் சேலையிலாவது அந்த வில்லை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், லேபலும் விலைக்குறியும் பற்றிக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரத்தை அந்தச் சபைக்குத் தந்திருக்கிறது. உள்நாட்டில் விற்கும் ஒவ்வோர் உடுப்பிலும் நார் விகிதம், துவைக்கும் முறை, தீ எச்சரிக்கை மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் போதும். தெரியாத தொழில் இல்லை இது. 24 மொழிக்குப் பிழையில்லாமல் லேபல் தைத்து அனுப்பும் நாடு, தன் இரண்டு மொழிக்கும் தைக்கும். செலவு ஒரு சேர்ட்டுக்குச் சில ரூபாய்கூட வராது.

அதுவரை கையில் உள்ள வழிகளைச் சொல்லிவிடுகிறேன். பன்விலப் பக்கத்தில் உடுப்பு வாங்கப் போகும்போது, கார்மென்டில் வேலை செய்த பிள்ளை ஒருத்தியைக் கூட அழைத்துப் போவது வழக்கமாகி வருகிறது. வருடக்கணக்கில் ஒரு லேபலையும் அந்த லேபலுக்குரிய துணியையும் சேர்த்துப் பிடித்த விரல்கள். கசக்கிவிட்டு, மடிப்பு எப்படி நிற்கிறது என்று பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவார்கள். சந்தேகமென்றால் உள்தையலில் ஒரு நூலை இழுத்துக் கொளுத்துவார்கள். கடதாசி எரியும் மணமும் தூளாகும் சாம்பலும் என்றால் கொட்டன். சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால் பொலியெஸ்டர். மயிர் பொசுங்கும் நாற்றம் என்றால் பட்டு, அல்லது கம்பளி. கலப்புத் துணியில் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

இன்னொன்று பில். கேட்டால் வியாபாரி பில் தந்தாக வேண்டும். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். ஆகவே காசு கொடுக்குமுன், "அண்ணே, நூத்துக்கு நூறு கொட்டன்னு பில்லில எழுதித் தாங்க" என்று கேளுங்கள். எழுதித் தந்தால், சாயம் போகும் அன்று காட்ட ஒரு காகிதம் இருக்கும். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லவும் ஓர் ஆதாரம் இருக்கும். "அதெல்லாம் எழுத ஏலாது தங்கச்சி" என்றால், முற்பணம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.